வந்து திரும்பிப் போனவர்களின் வீதம்

முதல் சம்பளம் ஒரு நாயால் வந்தது.
திருமலை வீதிக் கொமினிகேசனில்
மணித்தியாலம் நாற்பது ரூபாவுக்கு இருந்து
மெல்பேணில் எவரோ விற்ற நாய்ச்சாப்பாட்டுக்கு
ஐந்நூறு சொல் எழுதினேன்.
நாய் வளர்த்ததில்லை நான்.
எங்கள் ஒழுங்கைக் கறுவலைப் பார்த்துப் பார்த்துப்
பளபளக்கும் ரோமத்தைப் பற்றி எழுதினேன்.
கறுவலுக்கு ரோமமே இல்லை, சொறி.

மறுகா ஏறுமுகம்தான்.
ஸ்காபரோவில் சமையலறை திருத்துவோர்,
ஒஸ்லோவில் பல் வெளுப்போர்,
டுபாயில் வாடகைக்குக் கூடாரம்,
யார் எதைத் தேடினாலும்
முதற்பக்கத்தில் இவர்களை நிறுத்தினேன்
கல்லடியில், மேல்மாடி அறையில்,
கரண்ட் போனால் கார் பற்றரியில்.
கேட்பவர்களுக்கு அம்மா சொல்வா:
"கொம்பியூட்டரில ஆள் பிடிக்கிற வேலை."
ஏஜென்சிக்காரி என்று நினைத்து
இரண்டு பேர் பாஸ்போட்டோடு வந்தார்கள்.
அம்மாவின் விளக்கத்தைவிடச் சரியான ஒன்று
எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

ரொறொன்ரோவின் பகல் எனக்கு இரவு.
மாலை ஆறரைக்கு விடியும்,
சாமம் மூன்றுக்கு இருட்டும்.
பத்து வருசத்தில் நாற்பது இலட்சம் பேரை
எங்கெங்கோ கொண்டுபோய் விட்டிருக்கிறேன்.
மடிக்கணினியை மூடும் நேரம்
என்னோடு பிளேன்ரீ குடிக்க
ஒருவரும் விழித்திருக்கவில்லை.

கழகம் தொடங்கினேன்.
முதலில் பூப்பந்து. கடற்காற்று
இரண்டு அணியையும் தோற்கடித்தது.
பிறகு படம் பார்க்கும் கழகம்:
ஐந்து பேர், ஒரு புரொஜெக்டர்,
அதையும் தலைவர்
கலியாண வீட்டுக்கு வாடகைக்கு விட்டார்.
மூன்றாவதற்குத் தலைவரே வேண்டாம் என்றேன்.
இரவு வேலைக்காரர் கழகம்.
சனி விடிய ஐந்து மணி,
பழைய பாலம், கல்லடிப் பக்கம்.

தொழில் தெரிந்தவள் அல்லவா,
ஆயிரத்தைந்நூறு ரூபாவுக்கு விளம்பரம் போட்டேன்.
தலைப்பை ஏழு தரம் மாற்றினேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் வருவோம் என்றார்கள்.
சுற்றளவைத்தான் கவனிக்கவில்லை:
எண்பது கிலோமீற்றர். அம்பாறையில் பாதி அதற்குள்.

ஐந்து மணி. வாவியில் பனி.
தோணியிலிருந்து ஒருவர்
"என்ன மனே, ஆரையும் காணல்லியா?"
என்று கேட்டபடி போனார்.
ஐந்து நாற்பதுக்கு ஒரு மோட்டார்சைக்கிள்.
அக்கரைப்பற்றில் ஐஸ் தொழிற்சாலைக் காவல்,
பெயர் றஷாத்தீன்.
ஹெல்மெட்டைக் கழற்றிச் சுற்றிப் பார்த்தார்.
"மிச்ச ஆக்கள் எங்க?"
மிச்ச ஆட்கள் நீங்கள்தான் என்றேன்.
ஒரு நிமிசம் யோசித்தார்.
பெட்டியைத் திறந்து பிளாஸ்கை எடுத்தார்.

அடுத்த கிழமை ஒரு தாதி.
ஸ்கூட்டியை நிறுத்தி எங்கள் இருவரையும் பார்த்தாள்.
மூன்று விநாடி. கிறுகிப் போய்விட்டாள்.
எங்கள் தொழிலில் அதற்கொரு கணக்கு உண்டு,
வந்து திரும்பிப் போனவர்களின் வீதம்.
அன்றைக்கு நூற்றுக்கு நூறு.
வாடிக்கையாளர் என்றால்
நிறத்தை மாற்றுங்கள்,
பொத்தானை மேலே ஏற்றுங்கள் என்றிருப்பேன்.
பாலத்தில் எதை மேலே ஏற்ற?

மாதம் கழித்து அவளே சொன்னாள்,
காத்தான்குடி பேக்கரி றிம்சான்
கொண்டுவந்த பணிசைப் பிய்த்துக்கொண்டு:
"சோடி ஒண்டு ஒளிச்சுக் கதைக்குது எண்டு
நினைச்சன் அக்கா."
றஷாத்தீன் சிரித்த சிரிப்பில்
தேநீர் மூக்கால் வந்தது.

இப்போது பதினொரு பேர்.
ஒக்கர்ஸ் என்றொரு பறங்கித் தச்சர்,
இரவு வேலை இல்லை, நித்திரைதான் இல்லை;
சேர்ப்பதா என்று வாக்கெடுத்துச் சேர்த்தோம்.
வரவுக் கொப்பியில் முதல் வரி றஷாத்தீன்.
அந்த வரி ஏழு மாதமாக வெறுமை.
ஐஸ் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள்,
யாரோ நிசமான ஏஜென்சிக்காரர் அவரைப் பிடித்துப் போனார்.

இங்கே ஐந்து என்றால் டோஹாவில் இரண்டரை.
அங்கும் காவல்தான்.
கைபேசியைப் பாலத்துக் கம்பியில் சாய்த்து வைப்போம்.
"பிளாஸ்க் ஆர்ர கையில?" என்பார் முதலில்.
நிலோஜினி கோப்பையைக் கைபேசிக்குக் கிட்டப் பிடித்து
மெதுவாக ஊற்றுவாள்.
அவர் ஒன்றும் பேசமாட்டார்,
கோப்பை நிறையும்வரை.